முளைகட்டிய கோதுமையும் காவ்யாவின் இரண்டு வருஷமும்

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு கோபிநாத் கத்தாருக்குக் கிளம்பினான். விமானம் சாயங்காலம்தான். ஆனால் அறந்தாங்கியிலிருந்து திருச்சி போகிற வழியில் டயர் பஞ்சராகலாம், ரயில்வே கேட் மூடலாம், உச்சிவேளைக்கு ராகுகாலம் வேறு வந்துவிடும் என்று அம்மா பரிமளா குறித்துக் கொடுத்த நேரம் அது.

கார் தெருமுனையைத் திரும்பியதோ இல்லையோ, அக்கா காவ்யா துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். இனிமேல் பொறுப்பான மகளாக இருப்பது என்று அவள் முடிவெடுத்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அந்த முடிவைச் சூடு ஆறுவதற்குள் யாருக்காவது காட்டிவிட வேண்டும் என்ற அவசரம்.

"அதக் கீழ போடு" என்றாள் அம்மா. "ஆள் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி கூட்டுவாங்களா? போனவன் திரும்பி வர வேணாமா?"

"நான் போனப்பல்லாம் கூட்டுனியா?"

"ஒவ்வொரு தடவையும் மூணு நாளைக்குக் கூட்டாமத்தான் இருந்தேன். வீடு குப்பையாப் போனதுதான் மிச்சம். நீ எங்க வந்தே?"

காவ்யா துடைப்பத்தை மூலையில் வைத்தாள். பொறுப்பான மகளாக அவள் செய்த முதல் காரியம் இப்படி முடிந்தது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வயது முப்பத்திரண்டு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு எட்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவள். லாவோஸில் தறி நெய்யக் கற்றுக்கொண்டாள், பதினோரு நாள். போர்ச்சுகலில் கடலலையில் பலகை மேல் நிற்கக் கற்றுக்கொண்டாள், இரண்டு நாள். அதில் ஒன்றரை நாள் மழை. ஜார்ஜியா தேசத்தில், குத்தாயிசி என்ற ஊரில், ஒரு விடுதியில் பாத்திரம் கழுவி, ரொட்டி சுடுகிறவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது ஏழு மாசம். அவள் ஒரே இடத்தில் அதிகபட்சம் தங்கியது அதுதான். வியட்நாமில் ஒரு பூனை வளர்த்தாள். அந்தப் பூனையை இப்போது யார் வளர்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் காரியத்தையும் முக்கால்வாசி வரை அழகாகச் செய்வாள். மீதிக் கால்வாசியை உலகம் பார்த்துக்கொள்ளும் என்பது அவள் நம்பிக்கை.

அப்பா இறந்து பத்து வருஷமாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கோபி வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் ஆட்டைத் தேடி வந்த இடத்தில் முனகல் சத்தம் கேட்டுக் கதவை உடைக்கச் சொல்லும் வரைக்கும், மத்தியானம் முழுக்க அம்மா ஈரத் தரையிலேயே கிடந்தாள். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். சேதி கேட்டதும் காவ்யா ஓடோடி வந்தாள். விழுந்தது பிப்ரவரியில், ஓடோடி வந்து சேர்ந்தது ஏப்ரலில். நடுவில் விசா, டிக்கெட் என்று என்னவோ சொன்னாள். வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்துகிறது.

கோபிக்கு வந்த கத்தார் வேலையை அம்மாவுக்காக அவன் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தான். மூன்றாவது முறை தள்ளினால் வேலை போய்விடும். "நீ போ, நான் ரெண்டு வருஷம் இருக்கேன்" என்று காவ்யா சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, ஓடணும்னு தோணுச்சுன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லிரு. நோட்டீஸ் பீரியட் மாதிரி. நான் அடுத்த ஃப்ளைட்ல வந்துருவேன். அம்மாவை ஒரு நாள்கூடத் தனியா விடக்கூடாது, அவ்வளவுதான்."

"நான் எங்கிட்டும் ஓடலடா."

"சரி" என்றான். அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிற அதே "சரி".

முதல் வாரம் ஓடியது. இரண்டாவது வாரம் அவள் படுக்கையில் படுத்தபடி, போகப்போவதில்லை என்ற உறுதியோடு, விமானக் கட்டணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது சரிப்படாது, தினமும் தன்னைக் கட்டிப்போடுகிற ஏதாவது ஒன்று வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. நாய் வளர்க்கலாம். பூனையின் ஞாபகம் வந்தது, வேண்டாம். அப்போதுதான் ரொட்டி நினைவுக்கு வந்தது. ஈஸ்ட் போடாமல், மாவையும் தண்ணீரையும் நாள்கணக்கில் புளிக்கவைத்து ஒரு தாய்மாவு உண்டாக்கி, அதற்குத் தினமும் தீனி போட்டு, அந்தப் புளிப்பிலேயே பொங்க வைக்கிற ரொட்டி. ஒரு நாள் கவனிக்காவிட்டால் தாய்மாவு வாடும், ஒரு வாரம் விட்டால் செத்தே போகும். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு ஒத்திகையாக மாவைப் பார்த்துக்கொள்ள முடிவெடுத்த முதல் மகள் அவளாகத்தான் இருக்கும்.

சாதாரண மாவில் செய்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். அவளுக்குச் சாதாரணமாக எதுவும் செய்யத் தெரியாது. முழுக் கோதுமையை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, அந்த மாவில் மட்டுமே செய்வது என்று சபதம் எடுத்தாள். கடை மாவு தாய்மாவுக்குத் தீனி போட மட்டும்தான். ரொட்டியில் ஒரு கரண்டி கலந்தாலும் அது தோல்வி. இந்தச் சட்டத்தை யாரும் கேட்கவில்லை. இன்ஸ்டாகிராமில் அவளைத் தொடரும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அவளே அறிவித்துக்கொண்டாள்.

"முளைகட்டுறதா?" என்றாள் அம்மா. அவள் இருபத்தெட்டு வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப்பேருக்கு அவள் பரிமளா டீச்சர். எத்தனையோ தாய்மார்களுக்குக் கேழ்வரகும் கம்பும் முளைகட்டிச் சத்துமாவு அரைக்கச் சொல்லிக்கொடுத்தவள். "எங்கிட்ட கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

"இது வேற மாதிரிம்மா. வெளிநாட்டு முறை."

"வெளிநாட்டுல கோதுமைக்கு மேல பக்கமா முளை வருமோ?"

காவ்யா கேட்கவில்லை. பச்சைப்பயறுக்கு விடுவதுபோல விரல்நீள வால் வரும்வரை கோதுமையை முளைக்க விட்டாள். பார்க்க அழகாக இருந்தது, படம் எடுத்துப் போட்டாள், நாற்பது பேருக்குப் பிடித்திருந்தது. அதைக் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சுட்ட ரொட்டி வெளியே கல், உள்ளே களி. அறுத்தால் கத்தியோடு இழுத்துக்கொண்டு வந்தது. முளை அதிகமானால் மாவின் பிடிப்பு போய்ப் பிசின் ஆகிவிடும், வெள்ளை முனை எட்டிப் பார்த்த உடனே காயவைத்துவிட வேண்டும் என்று பிறகு படித்தாள். அடுத்த தடவை அப்படியே செய்தாள். மொட்டைமாடியில் பழைய கட்டிலைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மேலே இன்னொரு மெல்லிய துணி மூடி, அணிலோடு சண்டை போட்டு, இரண்டு நாள் காயவைத்து, தகர டின்னில் அள்ளிச் சமையலறையில் வைத்தாள்.

அத்தோடு அவள் வேலை முடிந்தது. மாவு அரைத்து வருவது அம்மாவின் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் தெருக்கோடியில் சேவுகன் வைத்திருக்கும் மில்லுக்குப் போவது, விழுந்தபிறகு அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே வெளியூர்ப் பயணம். கண்ணாத்தாள் டின்னைத் தூக்கிக்கொள்ள, அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்புவாள். காவ்யா எழுந்திருப்பது எட்டரைக்கு. வயிற்றுக்குள் காபி இறங்கி உலகம் தெளிவாவதற்குள் மாவு வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த மாவின் வாசனை அபாரம். டின்னைத் திறந்தால் அறை முழுக்க மணக்கும். காவ்யா அதைப் பற்றி நீண்ட பதிவுகள் எழுதினாள். "முளைகட்டிய கோதுமைக்கே உரிய மணம், முதலில் வறுகடலை, பின்னால் மெல்லிசாகக் கருப்பட்டி, கடைசியில் மழைக்கு முந்தைய மண்" என்று எழுதினாள். குத்தாயிசி விடுதிக்காரர்கூட அதற்கு ஒரு இதயம் போட்டார்.

மணம் இருந்தது. ரொட்டிதான் வரவில்லை. மாவு கையில் இழுபடாமல் புட்டுமாவுபோல உதிர்ந்தது. தாய்மாவோ பாட்டிலுக்கு வெளியே பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைச் சேர்த்தால் மட்டும் அசையவில்லை. நாலு மணி நேரம் விட்டாள், எட்டு மணி நேரம் விட்டாள், அணைகட்டுகிறவளைப்போல உருட்டிக் கட்டிப் பார்த்தாள். அடுப்பில் போனது எந்த உயரமோ வந்ததும் அதே உயரம்.

ஜூலையில் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், உப்பு அதிகம் என்று கேன் தண்ணீர் வாங்கினாள். ஆகஸ்டில் வெயிலை. செப்டம்பரில் மின் அடுப்பை. அக்டோபரில் சாயங்கால லோ வோல்டேஜை, மின்வாரியத்துக்கு ஒரு புகாரே எழுதினாள். நவம்பரில் மழையை. டிசம்பரில், வேறு யாரும் மிச்சமில்லாததால், தன்னை.

கண்ணாத்தாளுக்கு ஒரு ரொட்டி கொடுத்திருந்தாள். மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் கண்ணாத்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆடு தின்னுச்சு. அதுவும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் தின்னுச்சு."

டிசம்பர் கடைசியில் குத்தாயிசியிலிருந்து மெயில் வந்தது. பிப்ரவரி முதல் விடுதியில் ஆள் வேண்டும், தங்க இடமும் சாப்பாடும் உண்டு, உன் ஞாபகம்தான் வந்தது என்று விடுதிக்காரர் எழுதியிருந்தார். காவ்யா அதைப் பதினாலு தடவை படித்தாள். பொங்கலுக்குள் சொல்கிறேன் என்று பதில் போட்டாள்.

அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பொங்கலுக்குள் ரொட்டி எழும்பினால் இருப்பது. எழும்பாவிட்டால், இந்த ஊரில் தன்னால் ஒன்றும் ஆகாது என்பது தெளிவு, கோபிக்கு ஒரு மாச நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டியதுதான். கோபி வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான், சொன்னால் செய்கிறவன். அவன் ஆறு மாசச் சம்பளத்தோடு திரும்பி வந்து நிற்பதை அவளால் கற்பனை செய்ய முடிந்தது. ஆனால் அந்தப் படத்தில் தான் இல்லாதது சௌகரியமாக இருந்தது. ஒரு தாயின் பாதுகாப்பையும் தம்பியின் வேலையையும் ஒரு ரொட்டியின் உயரத்தில் கொண்டுபோய் வைத்தவளை என்னவென்று சொல்வது? அவள் அதற்கு "உள்ளுணர்வு" என்று பெயர் வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சுண்ணாம்படிக்க வந்தவரைப் போகுமிடமெல்லாம் கண்ணால் துரத்திக்கொண்டிருந்தாள். மில்லுக்குப் போக நேரமில்லை. காவ்யாவே டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த மாவில் செய்யும் ரொட்டிதான் கடைசி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். நடை ரொம்ப உருக்கமாக இருந்தது.

மில்லில் பச்சரிசி இடிக்க வந்த கூட்டம். சேவுகன் தலையிலிருந்து புருவம் வரை மாவாக நின்றார். டின்னுக்குள் கையை விட்டு அளைந்தார். நின்றார். ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.

"என்ன பாப்பா, இந்த வாட்டி வறுக்காமக் கொண்டாந்துட்டீங்க?"

"எத வறுக்காம?"

"கோதுமையத்தான். டீச்சர் எப்பவும் பொன்னா வறுத்துல்ல கொண்டாருவாங்க. போட்டா சடசடன்னு ஒடையும். இது பச்சையா இருக்கு, மிசின்ல அப்பும். வண்டும் சீக்கிரமா விழுந்துரும். வேணும்னா வீட்டுல போய் வறுத்துட்டு வாங்க, நான் எடம் போட்டு வைக்கிறேன்."

காவ்யாவும் ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். பின்னால் நின்ற அம்மாள் டின்னை நகர்த்தச் சொன்னாள். வறுத்த கோதுமையில் ரொட்டிக்கு வேண்டிய பிடிப்பு செத்துப்போயிருக்கும், எந்தத் தாய்மாவாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. இது காவ்யாவுக்குத் தெரியும். தெரியாதது, ஆறு மாசமாக வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, தான் தூங்கிக்கொண்டிருந்தபோது, தன் சமையலறையில் என்ன நடந்தது என்பதுதான்.

வறுகடலை. மெல்லிசாகக் கருப்பட்டி. மழைக்கு முந்தைய மண். எல்லாம் அம்மாவின் இரும்புச் சட்டி.

"பச்சையாவே அரைச்சிருங்க" என்றாள்.

"மாவு கெட்டுப்போனா டீச்சர் என்னையத்தான் வைவாங்க" என்றார் சேவுகன். ஆனாலும் அரைத்தார்.

வீட்டுக்கு வந்து டின்னைத் தரையில் வைத்தாள். சுண்ணாம்படிக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஏம்மா, கோதுமைய வறுத்தியா?"

"ஆமா. பின்னே?" என்றாள் அம்மா.

"வாரா வாரமா?"

"வறுக்காம யாருடி முளைகட்டினத அரைப்பா? புள்ளைங்களுக்கு வயித்த வலிக்கும்னு நான் எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன். போர்டுல எழுதிப் போட்டிருக்கேன், ஊறவை, முளைகட்டு, காயவை, வறு, அரை."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"எதச் சொல்றது? நீ காயவச்சு அள்ளி வச்சிட்டு ஃபோனத் தூக்கிட்டுப் போயிருவே. வறுக்காமக் கெடக்கும். சரி, எப்பவும்போலப் பாதில விட்டுட்டுப் போயிட்டா, நம்ம முடிச்சு வைப்போம்னு செஞ்சேன். இடுப்பு வலியோட நின்னு வறுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்."

காவ்யா கோபப்படத்தான் வந்திருந்தாள். அதற்கு வேண்டிய வாக்கியங்களை மில்லிலிருந்து வருகிற வழியிலேயே தயார் செய்திருந்தாள். ஒன்றும் மிச்சமில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு வேலையை அவள் ஒழுங்காக முடித்து வைத்திருக்கிறாள். முடித்திருப்பாள் என்பது மட்டும் பெற்ற தாய்க்குத் தோன்றவில்லை. தோன்ற நியாயமும் இல்லை.

"ஒக்காந்து வறுத்திருக்கலாம்ல" என்றாள் கடைசியில்.

"ஒக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். நீ தூங்குவே."

அடுத்த வெள்ளியிலிருந்து காவ்யா ஐந்தரைக்கு எழுந்தாள். அதைப் பெரிய திருப்பமாகச் சொல்லக்கூடாது. முதல் இரண்டு வாரம் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினாள். பிறகு அம்மாதான் கம்பால் கட்டிலைத் தட்டி எழுப்பினாள்.

பச்சை மாவில் சுட்ட முதல் ரொட்டி மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது. நாலு விரற்கடை எழும்பி, ஒரு பக்கம் வெடித்து, மறுபக்கம் சாய்ந்து, பழைய பஸ்ஸைப்போல நின்றது. உள்ளே ஓட்டை ஓட்டையாக, கையில் அழுத்தினால் மெதுவாகத் திரும்பி வந்தது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்த நகரை மீனில் குழம்பு வைத்திருந்தார்கள். அம்மா இரண்டு துண்டு தொட்டுச் சாப்பிட்டாள், மூன்றாவது கேட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"வெந்திருக்கு." கொஞ்சம் மென்றாள். "வறுத்திருந்தா வாசனையா இருந்திருக்கும்."

அதுவும் உண்மைதான். அடுத்த தடவை ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வறுத்துச் சேர்த்தார்கள். அம்மா உட்கார்ந்து வறுத்தாள், காவ்யா கை கொடுத்து எழுப்பிவிட்டாள். அது எழும்பவும் செய்தது, மணக்கவும் செய்தது. வறுத்ததும் கலந்து சட்டம் உடைந்ததைப் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவள் தெரிவிக்கவில்லை.

குத்தாயிசிக்கு அவள் மறுப்பு எழுதி, குடும்பத்துக்காக ஒரு தியாகம் செய்தாள் என்று சொல்லத்தான் ஆசை. அவள் பதில் போட மறந்துவிட்டாள். தை மாச வெயிலில் கோதுமை நன்றாகக் காய்கிறது என்று மாடியிலேயே கிடந்தாள். ஜனவரி கடைசியில் விடுதிக்காரரே எழுதினார், வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று. அதைப் படித்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி, அரைமணி நேரம் கழித்து வந்தது அழுகை. இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் சுற்றச் சொல்லும் கால் அரிப்பு நின்றுவிடவில்லை. 2024 ஆகஸ்டில் ஒரு நாள், குழாயை மூடாமல் விட்டதைப் பற்றி அம்மாவோடு சண்டை. காவ்யா கண்ணாத்தாளை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்தாள். திருச்சி பஸ், மதுரை பஸ், தஞ்சாவூர் பஸ் எல்லாம் வந்து வந்து கூப்பிட்டுவிட்டுப் போயின. பையைத் திறந்து பார்த்தாள். ஒரு சுடிதாரும் சார்ஜரும் இருந்தன. பாஸ்போர்ட் இல்லை. அதை எங்கே வைத்தோம் என்றே ஞாபகம் வரவில்லை. மூன்று மணி பஸ்ஸில் திரும்பினாள்.

"அவ்வளவு தூரம் போனியே, கோதுமை வாங்குனியா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் போனே?"

காவ்யா பையை உள்ளே போட்டாள். தெருமுனைக் கடைக்குப் போய் இரண்டு கிலோ வாங்கி வந்து ஊறப்போட்டாள்.

அதற்குப் பிறகு சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மில், சனிக்கிழமை பிசைவது, ஞாயிற்றுக்கிழமை சுடுவது. கண்ணாத்தாள் இப்போது ரொட்டியைத் தானே தின்கிறாள், ஆட்டுக்கு ஓரம் மட்டும். அம்மா கம்பில்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். குளியலறைக்குக் காவ்யா கைப்பிடி அடித்துக் கொடுத்தாள், நாலு திருகாணியில் மூன்றை. நாலாவதை அம்மா ஆள் வைத்து முடுக்கினாள்.

2025 ஜூன் 18. காவ்யா மாவுக் கையோடு இருந்தபோது போன் சிணுங்கியது. துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். கோபி எழுதியிருந்தான்:

"அக்கா, ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுல அம்மாவை யார் பாத்துக்குறாங்கன்னு ஆபீஸ்ல கேட்டாங்க, அக்கா இருக்குன்னு சொன்னேன். ரூமுக்கு வர்ற வழியில பஸ்ல ஒக்காந்திருக்கும்போதுதான் ஒங்கிட்ட கேக்கவே இல்லைங்கறது ஞாபகம் வந்துச்சு."